புது லெதர் பூட்ஸ் கடிக்கிறது: பழகிவிடுமா, மாற்ற வேண்டுமா?

வால்பாறைக்காரன் எழுதியது:

வணக்கம். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கள மேற்பார்வை வேலை. காலையில் காட்டில் இறங்கினால் சாயங்காலம் இலை நிறுத்து முடியும் வரை சரிவிலேயே ஏறி இறங்க வேண்டும். இதுவரை மலிவான பூட்ஸ்தான் போட்டுவந்தேன். ஒரு மழைக்காலம் தாங்கும், பிறகு சோல் வாயைப் பிளந்துவிடும்.

இந்த முறை நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, வாணியம்பாடியில் உறவினர் திருமணத்துக்குப் போனபோது ஆம்பூர் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் ஏற்றுமதியில் மிஞ்சிய ஜோடி ஒன்றை வாங்கினேன். கணுக்காலுக்கு மேல் வரும் பழுப்பு பூட்ஸ். ரப்பர் சோல். சோலைச் சுற்றி விளிம்பில் தடித்த தையல் ஓடுகிறது. விலை 4,200 ரூபாய். உள்ளே 42 என்று அச்சிட்டிருக்கிறது. நான் வழக்கமாக 8 போடுபவன்.

வீட்டுக்குள் போட்டு நடந்து பார்த்தேன். குதிகால் ஒவ்வொரு அடிக்கும் மேலே எழும்பி உரசுகிறது. வலது சுண்டுவிரல் பக்கவாட்டில் நெரிகிறது. பெருவிரலுக்கு முன்னால் இடம் தாராளமாக இருக்கிறது. மடங்கும் இடத்தில் தோலின் நிறம் வெளுத்து, விரித்தால் மறுபடி கருக்கிறது. இது நல்ல தோலா, சாயம் பூசிய தோலா?

தண்ணீரில் ஊறவைத்துக் காலில் போட்டபடியே காய விட்டால் கால் வடிவத்துக்கு வந்துவிடும் என்கிறார் தோட்டத்து டிரைவர். மழைக்காலத்தில் எங்கள் குடியிருப்பில் எல்லாரும் பூட்ஸை விறகடுப்புக்கு மேல் தொங்கவிட்டுத்தான் காய வைப்பார்கள். அதுவும் சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

லாஸ்டிங் பிரிவு எழுதியது:

தம்பி, ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ தொழிற்சாலையில் லாஸ்டிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தைத்து வரும் மேல்தோலைக் கால் வடிவ அச்சின் மேல் இழுத்துப் பூட்டி, அடியில் மடித்து ஒட்டுவதுதான் எங்கள் பிரிவின் வேலை. அந்த அச்சைத்தான் லாஸ்ட் என்கிறோம். ஷூவின் அளவு, அகலம், வளைவு எல்லாம் அந்த அச்சிலேயே முடிவாகிவிடுகிறது. நீங்கள் வாங்கியது ஏற்றுமதிச் சரக்கு என்பதால் இதை முதலில் சொல்கிறேன். அது ஐரோப்பியக் காலுக்காக வெட்டிய அச்சு.

சென்னை அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சில ஆண்டுகளுக்கு முன் நாடு முழுவதும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் காலை அளந்தது. நம் பாதம் பொதுவாக ஐரோப்பியப் பாதத்தைவிட அகலம் என்று அதில் தெரியவந்தது. அச்சின் பக்கத்திலேயே காலம் கழித்த எங்களுக்கு இது புதிய செய்தி இல்லை. நீளத்துக்குச் சரியான எண்ணை எடுத்தால் சுண்டுவிரல் நெரியும். அகலத்துக்காக ஓர் எண் ஏற்றி எடுத்தால் குதிகால் தளரும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்து நடக்கிறது. முன்னால் இடம் தாராளமாக இருக்கிறது என்று வேறு சொல்கிறீர்கள். 42 என்பது 8-க்கு நிகர்தான், அதில் தவறு இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் எஃப், ஜி, ஹெச் என்று ஏதாவது எழுத்து இருக்கிறதா பாருங்கள். அது அகலக் குறியீடு, எழுத்து ஏற ஏற அகலம் கூடும். எஃப் என்றிருந்தால் நம்மில் பலருக்கு இறுக்கிப் பிடிக்கும்.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். உள்ளே கழற்றக்கூடிய மெத்தை இருந்தால் வெளியே எடுத்துத் தரையில் போட்டு, சாயங்காலத்தில், முழு எடையும் ஊன்றி அதன் மேல் நில்லுங்கள். காலையில் செய்ய வேண்டாம், நாள் முழுக்க நடந்த கால் மாலையில் சற்றுப் பருத்திருக்கும், அந்தக் காலுக்குத்தான் பூட்ஸ் பொருந்த வேண்டும். குதிகாலை மெத்தையின் பின்விளிம்போடு ஒட்டி வையுங்கள். சுண்டுவிரலின் சதை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் பிதுங்கினால் பரவாயில்லை, தோல் இடம் கொடுக்கும். எலும்பே வெளியே நின்றால் அந்த ஜோடி உங்களுடையது இல்லை, கடையில் மாற்றப் பாருங்கள். இன்னொன்று: பெருவிரல் மூட்டு, பூட்ஸின் மிக அகலமான இடத்தில், சோல் மடங்கும் கோட்டில் உட்கார வேண்டும். அது முன்னே பின்னே இருந்தால் எத்தனை மாதம் போட்டாலும் கடிக்கும்.

தோல் அகலத்தில் விரியும். நீளத்தில் விரியாது, ஏனென்றால் அடியில் சோலும், உள்ளே பாதத்துக்குக் கீழே வரும் இன்சோலும் நீளத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதனால் பெருவிரல் முட்டுகிற பூட்ஸை "போகப் போகச் சரியாகும்" என்று யார் விற்றாலும் வாங்காதீர்கள். சுண்டுவிரல் பக்கம் சற்றே நெரிந்தால், நல்ல ரிப்பேர் கடையில் திருகி விரிக்கும் மர அச்சு வைத்திருப்பார்கள். அதில் சுண்டுவிரல் வரும் இடத்தில் ஒரு குமிழைச் செருகி, அந்த இடத்தை மட்டும் ஓரிரு நாள் விரித்துக் கொடுப்பார்கள். நெரிகிற இடத்தில் சாக்பீஸால் அடையாளம் போட்டுக் கொண்டுபோங்கள்.

குதிகால் விஷயம் வேறு. அது பெரும்பாலும் பழகிவிடும். புது பூட்ஸில் சோல் விறைப்பாக இருக்கும். நீங்கள் குதிகாலைத் தூக்கும்போது சோல் மடங்காமல் தரையோடு நிற்கும், கால் மட்டும் மேலே போகும். அரை சென்டிமீட்டர் வரை எழும்பினால் கவலை வேண்டாம். சோல் மடங்கப் பழகியதும் உரசல் தானே குறையும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எழும்பினால் அளவே பெரியது. லேஸ் கட்டும் முறையும் முக்கியம். கணுக்கால் மடிப்புக்கு நேராக வரும் கண்ணியில் இரண்டு லேஸையும் இரட்டைச் சுற்றாக முறுக்கி இறுக்கிவிட்டு, அதற்கு மேல் தளர்வாகக் கட்டுங்கள். குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நிறம் வெளுத்துக் கருப்பது நல்ல அறிகுறி. எண்ணெயும் மெழுகும் உள்ளே ஏற்றிய தோல் அது. மடக்கினால் எண்ணெய் அங்கிருந்து விலகும், நிறம் வெளுக்கும். நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள், வெளிர்கோடு விழும். கட்டைவிரலை அழுத்திச் சூடு வரத் தேய்த்தால் கோடு மறையும். மேலே பிளாஸ்டிக் பூச்சு கனமாக இருந்தால் இப்படி நடக்காது. நல்ல வெளிச்சத்தில் மடிப்பை உற்றுப் பார்த்தால் மயிர்க்கால்களின் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடப்பது தெரியும். புள்ளிகள் ஒரே சீராக வரிசை கட்டி நின்றால், தோலின் மேற்பரப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு எந்திரத்தில் அச்சு குத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். வாசனையை நம்பாதீர்கள், தோல் வாசனையைச் செயற்கையாகவும் ஏற்றலாம். "ஜெனுயின் லெதர்" என்ற முத்திரை அது தோல் என்பதை மட்டும்தான் சொல்கிறது, எந்தத் தரம் என்று சொல்லாது.

அடுத்தது அந்த விளிம்புத் தையல். அது குட்இயர் வெல்ட் எனும் உண்மையான தையல் முறை என்றால், மேல்தோலும் வெல்ட் எனும் தோல் பட்டையும் இன்சோலோடு சேர்த்து உள்ளே ஒரு தையல், அந்தப் பட்டையோடு அடிச் சோலைச் சேர்த்து வெளியே இன்னொரு தையல். நடுவில் உண்டாகும் பள்ளத்தைத் தக்கை போட்டு நிரப்புவோம். நீங்கள் நடக்க நடக்க அந்தத் தக்கை அமுங்கி, உங்கள் பாதத்தின் மேடு பள்ளத்தை வாங்கிக்கொள்ளும். இந்த வகை பூட்ஸ் பழகுவதற்கு நாளாவதும், பழகிய பின் வேறு எதையும் போட மனம் வராததும் இதனால்தான். சோல் தேய்ந்தால் வெளித்தையலை மட்டும் பிரித்துப் புதுச் சோல் தைக்கலாம். ஆனால் சோலை வெறுமனே ஒட்டிவிட்டு, அலங்காரத்துக்குத் தையல் போட்ட பட்டையைச் சுற்றி ஒட்டி விற்பதும் உண்டு. சோலைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்துக் காடியில், அதாவது பள்ளக்கோட்டில், நூல் ஓட வேண்டும், மேலே தெரியும் தையலும் கீழே வரும் தையலும் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். கீழே நூலே இல்லை, அல்லது நூல் போல ரப்பரிலேயே வார்த்திருக்கிறது என்றால் அது ஒட்டியதுதான்.

ஊறவைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். பட்டாளத்தில் அப்படிச் செய்தார்கள் என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். முழுக்க நனைந்தால் இன்சோல் ஊதி, காயும்போது சுருண்டு, ஓரம் கிளம்பும். ஒட்டிய இடங்கள் விடும். தோலில் இருக்கும் எண்ணெயும் கொஞ்சம் வெளியேறும், காய்ந்த பின் முன்பைவிட விறைப்பாக இருக்கும். சற்றுத் தடித்த சாக்ஸ் போட்டு வீட்டில் மாலையில் ஒரு மணி நேரம் நடங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். சில நாள் கழித்து இலை நிறுக்கும் இடம், ஆபீஸ் என்று அரை நாள் வேலைக்குப் போட்டுப் போங்கள். வலி வந்த உடனே கழற்றிவிடுங்கள், பொறுத்துக்கொண்டு நடக்க வேண்டாம். கொப்புளம் வரும் இடம் உங்களுக்கே தெரியும், அங்கே முன்கூட்டியே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். கொப்புளம் வந்த பிறகு ஒட்டிப் பயனில்லை.

---

இருவாச்சி எழுதியது:

அண்ணா, நானும் உங்கள் மலையில் களப்பணி செய்தவள்தான், மழைக்காட்டில் பறவைகளைப் பார்க்கிற வேலை. மேலே ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மழையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வால்பாறையில் லெதர் பூட்ஸை அலமாரியில் வைத்துவிட்டு ரப்பர் கம்பூட்ஸ் போடுங்கள். எவ்வளவு நல்ல தோலாக இருந்தாலும், தினமும் நனைந்து, மறுநாள் காலைக்குள் காயாமல், அப்படியே திரும்ப நனைந்தால் தையல் நூல் மக்கும், உள்ளே நாற்றம் ஏறும். மழை விட்டு விட்டுப் பெய்கிற மாதங்களிலும், கோடையிலும், பனிக்காலத்திலும் லெதர் பூட்ஸ்தான் சரிவில் கணுக்காலைப் பிடித்துக் கொடுக்கும். கம்பூட்ஸ் அதைச் செய்யாது.

அட்டைக்காக உப்பையோ சுண்ணாம்பையோ பூட்ஸ் மேல் தடவாதீர்கள். தோட்டத்தில் எல்லாரும் செய்வார்கள், எனக்குத் தெரியும். உப்பு நனைந்து தோலுக்குள் இறங்கி, காய்ந்ததும் வெள்ளைக் கோடாக வெளியே வரும், தோலை வறட்டி வெடிக்க வைக்கும். முழங்கால் வரை இறுக்கக் கட்டுகிற துணிக் காலுறை போடுங்கள், அட்டை அதன் நெருக்கமான நெசவைத் தாண்டிக் கடிக்காது. உங்கள் பூட்ஸில் லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் இரு பக்கமும் மடிப்புத் தோல் வைத்து மேல்தோலோடு தைத்திருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் லேஸ் துளை வழியாக அட்டையும் தண்ணீரும் நுழைவது பெரிதும் குறையும். எனக்கு அது இல்லாத பூட்ஸ் வேண்டவே வேண்டாம்.

விறகடுப்பு கூடாது. ஈரத்தோல் சூட்டில் சுருங்கும், பிறகு எந்த எண்ணெய் போட்டாலும் பழைய நிலைக்கு வராது. லேஸைக் கழற்றி, நாக்கை வெளியே இழுத்து, உள் மெத்தையைத் தனியே எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் நனைந்துவிடும், எடுத்துவிட்டு வேறு தாள் வையுங்கள். சோல் தரையில் படாமல் பக்கவாட்டில் சாய்த்து, ஃபேன் காற்று படும் இடத்தில் வைத்தால் போதும். நனையாவிட்டாலும் ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடுங்கள், காலின் வியர்வையே அவ்வளவு ஈரம்.

பெண்கள் யாராவது இதைப் படித்தால்: நம் அளவில் நல்ல வேலை பூட்ஸ் இங்கே கிடைப்பது அரிது. ஆண்களுக்கான 5-ஐ வாங்க வேண்டியிருக்கிறது, அதன் பின்பகுதி நம் குதிகாலுக்கு அகலம். குதிகாலுக்குப் பின்னால் மெத்தை ஒட்டுவதைவிட, நாக்கின் உட்பக்கம் ஒரு மெல்லிய மெத்தை ஒட்டிப் பாருங்கள். கால் பின்னோக்கித் தள்ளப்பட்டு நன்றாக உட்காருகிறது. இந்தத் தொழிலின் தலைநகரத்தையே பக்கத்தில் வைத்துக்கொண்டு நமக்கு ஒரு ஜோடி கிடைக்காமல் இருப்பது எனக்குப் பெரிய குறை.

---

பெரியமேடு தையல் எழுதியது:

ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மிஞ்சிய சரக்கு வாங்குகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சோல் ரப்பரா, பாலியூரித்தேனா என்று பாருங்கள். பாலியூரித்தேன் லேசாகவும் மெத்தென்றும் இருக்கும், கடையில் போட்டுப் பார்க்கும்போது அதுதான் சுகமாகத் தெரியும். ஆனால் காற்றின் ஈரம் அதை உள்ளிருந்தே சிதைக்கும். போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிர்ந்துபோகும். மேல்தோல் பளபளவென்று புதிதாக இருக்கும், சோல் மட்டும் கையோடு பொடியாக வரும். என்னிடம் இப்படி நிறையப் பேர் கொண்டுவந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். வார்த்த சோல் பலவற்றின் அடியில் கடிகாரம் போல ஒரு சின்ன வட்டம் இருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதம், நடுவில் ஆண்டு, அம்புக்குறி காட்டுவது தயாரித்த மாதம். பழைய தேதி என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். பாதுகாப்பு ஷூ என்று ஐ.எஸ். 15298 முத்திரையோடு வருகிறவற்றிலும் பல இந்த வகைச் சோல்தான். இரும்பு முனை வேண்டிய வேலைக்கு அவை சரி, மலைச்சரிவில் இறங்கும்போது அந்த முனை விரலில் இடிக்கும்.

வெல்ட் பூட்ஸுக்குச் சோல் மாற்றுவதானால், சோல் முழுக்கத் தேய்ந்து வெல்ட் பட்டையே தரையில் உரசும் வரை விட்டுவிடாதீர்கள். பட்டை நன்றாக இருந்தால் என் வேலையும் சுலபம், உங்கள் செலவும் குறைவு. ஹீலை அதற்கும் முன்னதாகவே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து தேய்ந்த ஹீலோடு நடந்தால் பூட்ஸே கோணிவிடும்.

---

வால்பாறைக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. சோலைத் திருப்பிப் பார்த்தேன். காடியில் நூல் ஓடுகிறது, மேலும் கீழும் எண்ணிக்கை ஒத்துப்போகிறது. ரப்பர்தான். எண்ணுக்குப் பக்கத்தில் ஜி என்றிருக்கிறது. மெத்தை மேல் நின்றபோது சுண்டுவிரல் சதை மட்டும் கொஞ்சம் வெளியே வந்தது. கோயம்புத்தூர் போகும்போது விரித்து வாங்கி வருகிறேன். லேஸை ஐயா சொன்னபடி கட்டியதும் குதிகால் உரசல் பாதியாகிவிட்டது.

இன்னும் இரண்டு கேள்விகள். மாமனாரின் பழைய லெதர் பூட்ஸ் ஒன்று வீட்டில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவியே வைத்திருந்தார். இந்தக் குளிருக்கு அதன் மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. பூஞ்சையா? புது பூட்ஸுக்கு என்ன தடவுவது, எப்போது?

---

லாஸ்டிங் பிரிவு எழுதியது:

ஜி என்பது நல்ல செய்தி தம்பி. அந்த ஜோடியை வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை இரண்டு வகை. ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். உருகித் தோலுக்குள் போனால் அது கொழுப்பு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், உங்கள் ஊர்க் குளிருக்கு அது வெளியே பூத்து நிற்பதில் வியப்பில்லை. துணியால் துடைத்துவிட்டால் போதும், தோலுக்குக் கேடு இல்லை. சூட்டுக்கு அசையாமல், பஞ்சு போல வட்டம் வட்டமாக நின்று, முகர்ந்தால் புழுங்கிய வாடை வந்தால் அது பூஞ்சை. வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். உள்ளே வைத்துத் தட்டினால் மற்றச் செருப்புகளுக்கும் பரவும். பிறகு ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் நனைத்துத் துடையுங்கள். நிறம் போகிறதா என்று முதலில் நாக்கின் மறைவான இடத்தில் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளேயும் துடைக்க வேண்டும், இந்த வகை பூட்ஸின் இன்சோலுக்குப் பெரும்பாலும் மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல்தான் வைப்பார்கள், அது வியர்வையை உறிஞ்சும், பூஞ்சை அங்குதான் முதலில் குடியேறும். நிழலில் காற்றாட நன்றாகக் காய்ந்த பிறகே எண்ணெய்.

தடவுவது பற்றி. நம் பக்கம் செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவது பழைய வழக்கம், தடித்த பட்டைத்தோல் செருப்புக்கு அது பொருந்தும். பூட்ஸுக்கு எந்தச் சமையல் எண்ணெயும் வேண்டாம். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசின் போல இறுகிச் சிக்கு வாடை அடிக்கும். உங்களுடையது எண்ணெய் ஏற்றிய தோல் என்பதால் தேன்மெழுகு கலந்த தோல் களிம்பு வாங்குங்கள். புது பூட்ஸில் தொழிற்சாலையே ஏற்றிய எண்ணெய் போதுமான அளவு இருக்கிறது. இப்போது வெல்ட் பட்டையும் மேல்தோலும் சேரும் இடுக்கில் மட்டும் பழைய பல்துலக்கும் பிரஷால் கொஞ்சம் தேய்த்து வையுங்கள், தண்ணீர் நுழைவது அங்கேதான். மற்ற இடங்களுக்கு, மடிப்பில் தோல் வறண்டு மங்கித் தெரியும்போது பட்டாணி அளவு எடுத்து விரலாலேயே தேய்த்தால் போதும், அரை மணி கழித்துத் துணியால் துடைத்துவிடுங்கள். களிம்பை அப்பினால் தோல் தொளதொளத்துப் போகும், தூசியும் மண்ணும் ஒட்டும். நிறம் ஒரு படி கருக்கும், பிறகு வெளுக்காது, அதற்குத் தயாராக இருங்கள்.

எண்ணெயைவிட முக்கியம் பிரஷ். தினமும் வந்தவுடன் மண் காய்ந்ததும் குதிரைமயிர் பிரஷால் நாலு தட்டுத் தட்டுங்கள். மடிப்புக்குள் மண் இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் அது தோலை உப்புத்தாள் போல அறுக்கும். சேறு அப்பியிருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள், சோப்பு வேண்டாம்.

ஜூனில் அலமாரிக்குள் வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள். துணிப்பை போதும். கீழ்த்தட்டு ஈரம் இழுக்கும், மேல்தட்டில் வையுங்கள். உள்ளே மர அச்சு கிடைத்தால் போடுங்கள், இல்லாவிட்டால் செய்தித்தாளைத் திணித்து வாரம் ஒருமுறை மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெயில் எட்டிப் பார்க்கிற நாளாகப் பார்த்து, திண்ணையில் நிழலில் வைத்துக் காற்றாட விடுங்கள். கோயம்புத்தூரில் விரித்து வாங்கிய பிறகு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அப்போதும் நெரிந்தால், கடைக்குத் திரும்பக் கொண்டுபோய் அதே இடத்தில் இன்னொரு முறை குமிழ் வைக்கச் சொல்லலாம், தோல் இன்னும் கொஞ்சம் இடம் தரும்.